தண்டபாணி அண்ணா சிவப்புக்குப் போனார்

1

ஆகஸ்ட் மாதக் கடைசி சனிக்கிழமை எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். நானும் என் கணவர் செந்திலும், தண்டபாணி அண்ணாவும் அவர் மனைவி கோமதி அக்காவும் ஒரே நாளில், ஒரே ஹாலில், வலது கையைத் தூக்கி அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்டவர்கள். அன்றைக்கு வெளியே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சாலையோர பீட்சாக் கடையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அதற்கப்புறம் வருடா வருடம் அந்தச் சாப்பாடு, ஒருவர் வீடு மாற்றி ஒருவர் வீடு. இந்த வருடம் அவர்கள் முறை.

அரிசிம்பருப்பு சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் என் மகள் நிலா. அவர்கள் தெருவுக்குள் திரும்பியதும் செந்தில் காரின் வேகத்தைக் குறைத்தார். இங்கே தேர்தல் வந்தால் யாரும் சுவரில் எழுதுவதில்லை. அவரவர் வீட்டு முன் புல்வெளியில் தனக்குப் பிடித்த வேட்பாளரின் பெயர்ப் பலகையைக் குத்தி வைப்பார்கள். தண்டபாணி அண்ணா வீட்டுப் புல்லில் நான் இதுவரை நீலப் பலகைதான் பார்த்திருக்கிறேன். இப்போது நின்றது சிவப்பு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மூரில் சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட். இங்கே தலைகீழ். நீலம்தான் நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்த கட்சி. சிவப்பு வலதுசாரிக் கட்சி. அந்தச் சிவப்பிலும் இப்போது கடைசி ஓரத்துக்குப் போன ஒரு கூட்டம் உண்டு. வெளியே இருந்து வந்தவர்கள்தான் இந்த நாட்டைப் பிடித்த வியாதி என்று மைக் பிடித்துப் பேசுகிற கூட்டம். பலகையில் இருந்த பெயர் அந்தக் கூட்டத்து ஆளுடையது. எங்கள் மாநிலச் சட்டசபைத் தொகுதிக்கு நிற்பவர். அவர் பெயரை எழுதி அவருக்கு இலவச விளம்பரம் கொடுக்க எனக்கு மனமில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்னங்கண்ணா, வெளிய ஒரு போர்டு நிக்குது? யாராச்சும் தெரியாம நட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"ஏனுங்க அம்மிணி, நானேதான் நட்டேன். சுத்தி எடுத்து நானே அடிச்சேன்."

நிலா நிமிர்ந்தாள். "அங்கிள், ஆர் யூ சீரியஸ்?"

"வெரி சீரியஸ்டா கண்ணு." அண்ணா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். "பத்துப் பன்னெண்டு வருசம் கிரீன் கார்டு வரிசைல நின்னவன் நான். டேக்ஸ் ஒரு நாள் லேட்டா கட்டினதில்ல. பேப்பரே இல்லாம உள்ள வந்தவனுக்காக இந்த நீலக் கட்சிக்காரனுங்க அழுவறானுங்க. அப்ப வரிசைல நின்னவன் முட்டாளுங்களா?"

"அதுக்குன்னு இந்த ஆளா அண்ணா?"

"இந்த ஆளாச்சும் மனசுல இருக்கறத வாயில சொல்றான். அவனுங்க உள்ள ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய சிரிக்கறானுங்க."

செந்தில் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். அவர் எப்போதுமே அப்படித்தான். "ரசம் ஆறுது, சாப்பிடலாம்" என்றார். கோமதி அக்கா ரசத்தைச் சூடு பண்ண எழுந்து போனார். நான் சாப்பிட்டேன்.

2

தண்டபாணி அண்ணா பொள்ளாச்சிக்காரர். நான் கரூர். இந்த நியூ ஜெர்சிக்கு நாங்கள் வந்தபோது அவர் எங்களுக்கு ஒரு வருடம் சீனியர். வெஸ்ட் வின்ட்சருக்கு அடுத்து, நம்மூர்ப் பேரூராட்சி மாதிரி ஒரு சின்ன டவுன்ஷிப்பில், ஒரே அபார்ட்மென்டில், அவர்கள் மேலே, நாங்கள் கீழே. எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். செந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கை நடுங்கும் என்பதால் அவரே ஒவ்வொரு ஞாயிறும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலைய பார்க்கிங்கில் கூட்டிக்கொண்டு போய் வட்டம் போடச் சொல்வார். "பிரேக்க மிதிங்க அம்மிணி, அது உங்க மாமியார் காலு இல்ல" என்பார்.

கிரீன் கார்டு வரிசையில் அவர் நின்ற வருடங்களில்தான் அவருடைய அம்மா பொள்ளாச்சியில் இறந்துபோனார். ஊருக்குப் போனால் திரும்பி வர அனுமதி வேண்டும். அவருடைய காகிதங்கள் எங்கோ ஒரு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினார், எழுதினார், நேரில் போய் நின்றார். நீலக் கட்சி அலுவலகம். பார்க்கிறோம் என்றார்கள். அம்மாவைத் தகனம் பண்ணியதை அவர் லேப்டாப்பில் பார்த்தார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுநடுவே படம் உறைந்து நின்றுவிடும். ஒரு தடவை தீ வைக்கிற கை அப்படியே நின்றது. அண்ணா எழுந்து போய் பால்கனியில் நின்றுகொண்டார்.

உங்கள் கோரிக்கையைக் கவனத்தில் கொண்டோம் என்று அந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

அப்போதும் அவர் கட்சியை விடவில்லை. அதுதான் ஆச்சரியம். கார்டு வந்ததும் முதல் வேலையாக நீலக் கட்சிக்குத் தொண்டராகச் சேர்ந்தார். பனியில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டினார். "என்ன இருந்தாலும் இவங்கதானுங்க நம்மள மனுசனா மதிக்கறாங்க" என்பார். கதவைத் திறந்தவர்கள் அவரை பீட்சா கொண்டு வந்தவர் என்று நினைத்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு எப்போது புளித்தது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லைச் சுவர் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் டிவியை நோக்கி ஏதோ முனகுவார். அப்புறம் வாட்ஸாப்பில் வீடியோக்கள் அனுப்ப ஆரம்பித்தார். முதலில் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் ஒரு நாளைக்கு நாலு. நான் பார்க்காமலே டெலீட் பண்ணினேன். அவர் அனுப்புவதைப் பார்த்திருந்தால் அந்தப் பலகை வரப்போவது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்கும்.

3

அந்த வாரமே கரூரிலிருந்து சித்தப்பா ஃபோன் பண்ணினார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி அனு இஞ்சினியரிங் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க அப்ளை பண்ணியிருக்கிறாள்.

"சாந்தி, அங்க உங்க ஆளுதான் வரணும். அப்பத்தான் நாடு சுத்தமாகும்."

"எங்க ஆளா? யாரு சித்தப்பா?"

"அதான், இந்த வந்தேறிகளையெல்லாம் வெரட்டோணும்ங்குதே அந்தக் கட்சி, அவங்க ஆளு."

"நானே வந்தேறிதான் சித்தப்பா."

"நீ அது இல்ல சாமி. நீ படிச்சுட்டுப் போனவ."

"நம்ம அனுவுக்கு விசா கொடுக்கக் கூடாதுன்னு சொல்றதும் அதே கூட்டந்தான்."

"அதெல்லாம் சும்மா பேசறது. அவளுக்குக் கெடச்சிரும்" என்று சொல்லிவிட்டு, அங்கே தக்காளி என்ன விலை என்று கேட்டார்.

என் சிறுவயதில் இதே சித்தப்பா கட்சி மாறினார் என்பதற்காக அப்பா இரண்டு தீபாவளி அவரோடு பேசவில்லை. அப்பா சாயப்பட்டறை மேஸ்திரி. யூனியன் ஆள். எங்கள் தெருவில் கட்சி மாறினவன் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி ஏன் மாறினேன் என்று சொல்லியாக வேண்டும். சாதிக்காக மாறியிருப்பான், கான்ட்ராக்டுக்காக மாறியிருப்பான், அதொன்றும் புனிதமான காரணமில்லை. ஆனால் கேட்கிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாறியது யாரை எங்கே கொண்டு போய் விடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கரூரில் உட்கார்ந்துகொண்டு நியூ ஜெர்சியில் யாரை விரட்டலாம் என்று ருசித்துப் பேசுகிற வசதி அன்றைக்கு யாருக்கும் இல்லை.

4

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோமதி அக்கா அழைத்தார். "சாந்தி, கொஞ்சம் வந்து கை குடுக்கறியா? இவரு யாரையோ டீக்குக் கூப்பிட்டிருக்காரு. அம்பது பேருக்கு பஜ்ஜி போடோணும்."

யாரையோ என்றது அந்த வேட்பாளரைத்தான் என்று அங்கே போனதும் தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அக்கா தனியாக அடுப்படியில் வேர்வையோடு நின்றார். நான் வாழைக்காய் சீவ உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு இது சரின்னு தோணுதாக்கா?" என்று கேட்டேன்.

அவர் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்கம்மா போனதுல இருந்து இவருக்கு யாரு மேலயாச்சும் கோவப்பட்டே ஆகோணும் சாந்தி. முன்ன என் மேல பட்டாரு. இப்ப இப்படி. எனக்கு வீடு கொஞ்சம் நிம்மதியா இருக்குது."

ஹாலில் நம்மவர்கள் நிறைந்திருந்தார்கள். டாக்டர்கள், ஐ.டி. மேனேஜர்கள், இரண்டு பெட்ரோல் பங்க் முதலாளிகள். போன வருடம் வரை நீலக் கட்சிக்காரர்களோடு பொங்கல் விழாவில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்ட அதே முகங்கள். வேட்பாளர் உயரமான ஆள், நல்ல சிரிப்பு. பஜ்ஜியை எடுத்துக் கடித்துவிட்டு, காரம் காரம் என்று கையை விசிறினார். எல்லோரும் ஏதோ பெரிய பாராட்டு கிடைத்த மாதிரி சிரித்தார்கள். அண்ணா என்னை அறிமுகம் செய்தார். "மீட் மை சிஸ்டர், சாந்தி."

"ஷேன்ட்டி!" என்றார் அவர். இங்கே எல்லோரும் என் பெயரை அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கிலீஷில் அதற்குக் குடிசை என்று அர்த்தம். பழகிவிட்டது.

அவர் பேசினார். நீங்கள் உழைப்பாளிகள், குடும்பத்தை மதிப்பவர்கள், சட்டப்படி வந்தவர்கள், நீங்கள் நல்ல வகை என்றார். நல்ல வகை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குவதைப் போல. கைத்தட்டல்.

நிலா என்னைக் கூட்டிப்போகக் காரோடு வந்திருந்தாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கையைத் தூக்கினாள். பெற்றோர் தற்காலிக விசாவில் இருக்கும்போது இங்கே பிறக்கிற குழந்தைக்குக் குடியுரிமை உண்டா, இல்லையா, உங்கள் நிலைப்பாடு என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அவர் தயங்கவே இல்லை. கூடாது என்றார். குடியுரிமை என்பது பரிசு, விசாவில் வந்தவர்கள் விருந்தாளிகள், விருந்தாளி வீட்டில் குழந்தை பெற்றால் அந்தக் குழந்தைக்கு வீடு சொந்தமாகிவிடுமா என்று கேட்டார். அதற்கும் சிலர் தட்டினார்கள்.

தட்டியவர்களில் தண்டபாணி அண்ணாவும் ஒருவர். அவர் பையன் கார்த்திக் பிறந்தபோது அவர் இருந்தது விசாவில். நிலா பிறந்தபோது நாங்களும் விசாவில். அந்தக் கூடத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரின் குழந்தைகள் விருந்தாளிக் குழந்தைகள். அந்த ஆள் அவர்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டு, உங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்ததே தப்பு என்று சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். அடுப்படிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

காரில் நிலா கேட்டாள். "டிட் அங்கிள் ஈவன் ஹியர் ஹிம்?"

"கேட்டாரு."

"தென் வை டிட் ஹி க்ளாப்?"

தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார் என்று சொன்னேன். அவள் சிக்னலைப் பார்த்துக்கொண்டே, "பட் ஹி மென்ட் மீ" என்றாள்.

5

அடுத்த நாளே நிலா நீலக் கட்சியில் தொண்டராகச் சேர்ந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரயிலில் காலேஜ் போய் வந்துகொண்டிருந்தவள், வந்த களைப்போடு ஃபோனில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் ஓட்டுக் கேட்டாள். ஒரு சனிக்கிழமை என்னையும் அவர்கள் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு இளைஞர் உற்சாகமாகக் கை கொடுத்தார். உங்கள் சமூகத்துக்கென்றே ஸ்பெஷலாக அச்சடித்திருக்கிறோம் என்று ஒரு கட்டு நோட்டீஸை நீட்டினார். மேலே "நமஸ்தே" என்று பெரிதாக, கீழே முழுக்க ஹிந்தி.

"எனக்கு இது படிக்கத் தெரியாது" என்றேன்.

அவர் குழம்பிப்போனார். நீங்கள் இந்தியர்தானே என்றார். தமிழ் என்றேன். ஓ, அது ஹிந்தியின் ஒரு வகை இல்லையா என்றார். நிலா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சண்டை போடாதே என்று அர்த்தம். இதற்காக நம்மூரில் ரயில் மறித்தவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பையனுக்கு எங்கே தெரியப்போகிறது?

பள்ளிக்கூடத்துக்கென்று வீட்டு வரி வருடா வருடம் ஏறுவது பற்றியும், தண்டபாணி அண்ணா மாதிரி ஆட்கள் ஏன் விலகிப் போகிறார்கள் என்பதைப் பற்றியும் நான் சொல்ல முயன்றேன். அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி கேட்டுக்கொண்டார். கேட்கும்போதே கம்ப்யூட்டரில் ஏதோ தேடினார். கடைசியில், உங்கள் ஏரியாவைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, அது எங்கள் பாதுகாப்பான ஓட்டு என்று சிரித்தார். பாதுகாப்பான ஓட்டு என்றால் யாரும் வந்து கதவு தட்டத் தேவையில்லை என்று பொருள். தண்டபாணி அண்ணா போனது இவர்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது. அவர் இத்தனை வருடம் கூட இருந்ததாவது தெரியுமா என்று சந்தேகமாக இருந்தது.

6

எங்கள் டவுன்ஷிப் பூங்காவின் ஒரு மூலையில் புல் மண்டிக் கிடந்த இடம் உண்டு. அங்கே ஒரு கிரிக்கெட் பிட்ச் போட்டுத் தர வேண்டும் என்று நம் பிள்ளைகள் மனு கொடுத்திருந்தார்கள். டவுன்ஷிப் கவுன்சிலில் இருப்பவர்கள் எல்லோரும் நீலக் கட்சி. போன தேர்தலில் இதைச் செய்து தருகிறோம் என்று அவர்களே எங்கள் கோயில் விழாவுக்கு வந்து சொல்லியிருந்தார்கள். அக்டோபரில் பொது விசாரணை. நானும் செந்திலும் நிலாவும் போனோம். தண்டபாணி அண்ணாவும் வந்திருந்தார். கார்த்திக் பள்ளிக்கூட நாளில் பேட் பிடித்தவன் என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் அவர் எங்களோடுதான். சட்டையில் அந்த வேட்பாளரின் சிவப்பு பேட்ஜ்.

முதலில் பேசியவர்கள் பார்க்கிங் பற்றிப் பேசினார்கள். அப்புறம் மழைத்தண்ணீர் வடிகால். அப்புறம் மைக்குக்கு வந்த ஒரு அம்மாள், எங்கள் வயதுதான் இருக்கும், அதே சிவப்பு பேட்ஜ், பார்க்கிங்கெல்லாம் விட்டுவிட்டார். எங்கள் ஊர் எங்கள் கண் முன்னால் கைவிட்டுப் போகிறது, கடைக்குப் போனால் அமெரிக்காவில் இருப்பது போலவே இல்லை, இப்போது பூங்காவும் வேண்டுமா என்றார். பின்வரிசையில் பலமான கைதட்டல்.

தண்டபாணி அண்ணா எழுந்தார். மைக்கைப் பிடித்தார். நான் பார்த்த வரையில் இவ்வளவு கவனமாக அவர் இங்கிலீஷ் பேசியதில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தேய்த்துத் துடைத்து வைத்தார். நான் இங்கே இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், வரி கட்டுகிறேன், நானும் உங்கள் கட்சிதான் என்று பேட்ஜைத் தொட்டுக் காட்டினார். விளையாட்டு மைதானம் வந்தால் எல்லோர் வீட்டு விலையும் ஏறும் என்று ஆரம்பித்தார்.

"கோ ஹோம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹால் சிரித்தது. எல்லோரும் இல்லை. ஆனால் போதுமான அளவு பேர்.

அண்ணா திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெஞ்சல் இருந்தது. "சார், ஐ ஆம் வித் யூ" என்றார்.

முன்பு பேசிய அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, குழந்தைக்குச் சொல்வதைப் போல, "நோ, ஹனி. யூ ஆர் நாட்" என்றார்.

அண்ணா சொல்ல வந்ததைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். மேடையில் உட்கார்ந்திருந்த நீலக் கட்சிக்காரர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒழுங்காகப் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லை. தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறந்து குடித்தார். அப்புறம் ஓட்டெடுப்பு. மேலும் ஆய்வு தேவை என்று எல்லோரும் ஒருமனதாகக் கையைத் தூக்கி மனுவைத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் நிலா அவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தவர், சட்டசபைக்கு அந்தச் சிவப்பு ஆளை எதிர்த்து நிற்பவரும் இவர்தான், இவருக்காகத்தான் அவள் ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தாள். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, தேர்தல் நெருங்குகிறது, இப்போது இதைச் செய்தால் அந்தப் பக்கத்துக்கு ஓட்டு போய்விடும், அவர்களுக்குப் பிடி கொடுக்கக் கூடாது என்று விளக்கினார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "நீங்கள் எப்படியும் எங்கள் பக்கம்தானே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்வரிசையில் கத்தியவனைவிட இவர் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தார். அவன் எங்களை வேண்டாம் என்றான். இவர் எங்களை வைத்துக்கொண்டே அவனுக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தார்.

பார்க்கிங்கில் தண்டபாணி அண்ணா கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தேடினார், பேன்ட் பையில் தேடினார். பேட்ஜ் இன்னும் சட்டையில் இருந்தது. நான் பக்கத்தில் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் போனேன்.

அவரே முந்திக்கொண்டார். "அவங்க நம்மளச் சொல்லலீங்க அம்மிணி. இப்பப் புதுசா வந்துட்டு, ஒரே அபார்ட்மென்ட்ல எட்டுப் பேரு தங்கிக்கிட்டு, பார்க்குல வந்து கத்தறானுங்க பாருங்க, அந்தப் பசங்களச் சொல்றாங்க."

"உங்களுக்கும் அந்தப் பசங்களுக்கும் வித்தியாசம் அந்தக் கத்தினவனுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரிய வெக்கோணுமுங்க." சாவி கிடைத்துவிட்டது. "அதுக்குத்தான் கூட நிக்கறேன்."

7

நான் ஓட்டுப் போட்டேன். நீலத்துக்குத்தான் போட்டேன். அழுக்குத் தண்ணீரில் கை விட்டு அடைப்பைத் துழாவுகிற மாதிரி அந்தப் பெயரைத் தேடி அமுக்கினேன். செந்திலும் போட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ரசம் ஆறுது என்று சொல்லியிருப்பார்.

அந்த ஆள் ஜெயித்துவிட்டார். மயிரிழை வித்தியாசம். எங்கள் தொகுதியில் அந்தக் கட்சி ஜெயித்து யாருக்கும் ஞாபகம் இல்லை. பாதுகாப்பான ஓட்டு என்று அவர்கள் சொன்ன தெருக்களில், நம்மவர்கள் நெருக்கமாக இருக்கிற தெருக்களில்தான் கவிழ்ந்தது என்று ஆளாளுக்கு ஃபோனில் சொன்னார்கள். சிலர் சிவப்புக்குப் போயிருந்தார்கள். பலர் ஓட்டுப் போடவே போகவில்லை.

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. தண்டபாணி அண்ணா. கையில் ஒரு ஸ்வீட் டப்பா. மைசூர்பாகு. நம்மூர்ப் பழக்கம் விடவில்லை அவருக்கு.

"ஜெயிச்சுட்டோமுங்க அம்மிணி."

"யாருண்ணா ஜெயிச்சா?"

"அட, அரசியல விடுங்க. இனிப்ப எடுங்க."

"வேண்டாங்கண்ணா."

அவர் டப்பாவை நீட்டியபடியே நின்றார். "இத்தன வருசப் பழக்கத்துக்கு ஒரு துண்டு எடுக்கக் கூடாதுங்களா?"

"அந்தாளு கூட்டம் சொல்றது நாட்டுச் சட்டமாச்சுன்னா கார்த்திக் மாதிரி, நிலா மாதிரி நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு இந்த ஊரு கெடையாது. அதுக்கா ஸ்வீட்?"

"அதெல்லாம் வராதுங்க. அது எலெக்‌ஷனுக்காகச் சும்மா பேசறது."

"பொய்ன்னு தெரிஞ்சு போட்டீங்களா, நெசம்னு தெரிஞ்சு போட்டீங்களா?"

அண்ணா என்னைப் பார்த்தார். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த நாட்களில் நான் தப்பான பக்கம் திருப்பினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை இல்லை. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். "அவங்க கூடத்தான் நம்ம இருக்கப் போறோமுங்க. நீங்க வேணும்னா பாருங்க" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனார். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. கதவைச் சாத்தினேன். சரியாகத்தான் செய்தேன் என்ற நினைப்பு எனக்கு அன்று முழுவதும் இருந்தது. கொஞ்சம் திமிராகக்கூட இருந்தது.

8

சாயங்காலம் நிலாவைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்குப் போனேன். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்டபாணி அண்ணா வந்ததை, நான் கேட்ட கேள்வியை, அவர் டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ரசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஐ டிட்ன்ட் வோட்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. லைன் பெரிசா இருந்ததா, ட்ரெயின் லேட்டா என்று கேட்டேன்.

"நோ. ஐ ஜஸ்ட் டிட்ன்ட்." அன்றைக்குத் தாழ்வாரத்தில் அந்த நீலக் கட்சிக்காரர் தன் தோளைத் தட்டியதற்கப்புறம் அவள் ஒரு ஃபோன்கூடப் பண்ணவில்லையாம். ஓட்டுச்சாவடி வரைக்கும் போனாளாம். உள்ளே போய் அந்த ஆளுக்கு எதிராகப் போட வேண்டுமென்றால் தோளைத் தட்டிய இந்த ஆளுக்குப் போட வேண்டும். கை வரவில்லை என்றாள். திரும்பி நடந்துவிட்டாளாம்.

"எவ்ளோ கொஞ்சத்துல போச்சுன்னு தெரியுமாடி உனக்கு?"

"ஐ நோ."

"உன்னைத்தான் அவன் விருந்தாளின்னு சொன்னான்!"

"ஐ நோ, அம்மா." மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அண்ட் தே லெட் ஹிம்."

என்னிடம் வார்த்தைகள் நிறைய இருந்தன. காலையில் அண்ணாவிடம் கேட்டதைப் போல இவளிடமும் கேட்கலாம். அவரை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். அவர் போய்ச் சேர்ந்த இடத்தை நினைத்தால் எனக்கு அருவருப்பு. இவள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் அங்கே தள்ளிவிட்டவர்கள் இந்நேரம் அடுத்த தேர்தலுக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. நகரச் சொல்லி இன்னொரு தடவை அடித்தது. நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோ, அம்மா" என்றாள். நான் வண்டியை எடுத்தேன்.